குழிப் பங்கு

ஆடிக் காற்று தொடங்கிய வாரத்தில் பரந்தாமனால் லுங்கி கட்ட முடியாமல் போயிற்று. இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டால் நாலு அடி நடப்பதற்குள் நழுவியது. மேலே ஏற்றிக் கட்டினால் மூச்சு முட்டியது. வயிறு பானை மாதிரி முன்னால் தள்ளி, தொப்புள் பிதுங்கி நின்றது. கை கால்களும் தோள்பட்டையும் மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தன. தேவகி தன் பழைய புடவையின் கரையைக் கிழித்து நாடாவாகத் திரித்துக் கொடுத்தாள். அதை லுங்கியின் மேல் இறுக்கிக்கொண்டு அவன் தோல் பதனிடுகிற டேனரிக்குப் போய் வந்தான்.

சுண்ணாம்புக் குழிகளில் கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள்.

"இன்னா பரந்தாமா, எத்தினி மாசம்? வளகாப்பு எப்போ?"

"தைக்குள்ள பொறந்துடும்" என்று அவனும் சிரித்தான். எதற்கும் சிரித்துவிடுகிற மனிதன் அவன்.

ஒடுகத்தூருக்கு மேற்கே, மலைக்காடு இறங்கி வந்து முடிகிற இடத்தில் இருந்தது அவர்கள் ஊர். வானம் பார்த்த கடலைக் கொல்லைகள்தான் அங்கே எல்லோருக்கும். மழை தொடர்ந்து பொய்த்த வருஷங்களில் செடிகள் பூவோடு கருகின. முதலில் ஊரைவிட்டுக் கிளம்பியவன் தேவகியின் அண்ணன் சம்பந்தம். ஆம்பூரில் ஒரு டேனரியில் சேர்ந்து, அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது புதுச் சட்டை போட்டிருந்தான். "அங்க மழ பேஞ்சாலும் வேல, பேயலன்னாலும் வேல. யாருக்கு உடம்புல தெம்பு கீதோ வாங்க" என்றான். ஒருவர் பின் ஒருவராக ஊர் ஆட்கள் போனார்கள். சம்பந்தம் மேஸ்திரியானான். தங்கை புருஷன் பரந்தாமனையும் தேவகியையும் அவனே வந்து அழைத்துப் போய், ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீடு ஒன்று பார்த்துக் குடிவைத்தான்.

உப்புப் போட்டு வந்த மாட்டுத் தோல்களைக் கழுவி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, மயிர் இளகியதும் இழுத்துப் போட்டு வழித்து, பின்பக்கத்துச் சவ்வைக் கத்தியால் சீவ வேண்டும். ஈரத் தோல் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம் இருக்கும். சுண்ணாம்பு விரல் இடுக்குகளைத் தின்றுவிடும். அதையெல்லாம் மலையடி ஆட்கள் தாங்கிக்கொண்டார்கள். நாற்றத்தைத்தான் தாங்க முடியவில்லை. எத்தனை முறை குளித்தாலும் அது கூடவே வீட்டுக்கு வந்தது. களி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனால் விரலிலிருந்து முதலில் அதுதான் மூக்கில் ஏறியது. சோறு உள்ளே போக வேண்டுமானால் அதற்கு முன்னால் வேறொன்று உள்ளே போக வேண்டும் என்று மூத்த ஆட்கள் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் விட மோசமானது கழிவுக் குழி. மயிரும் சவ்வும் சுண்ணாம்புச் சேறும் போய் அடைகிற ஆழமான தொட்டி அது. டேனரிக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், அது நிரம்பியிருந்தால், ஆட்கள் இறங்கி வாளி வாளியாக அள்ளுவார்கள். இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரி ஒரு கேனிலிருந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றுவான். ஏறி வந்த பிறகு இன்னொன்று. அதற்குப் பேர் குழிப் பங்கு. கூலியோடு அது சேராது. ஆனால் அது இல்லாமல் யாரும் குழியில் கால் வைத்ததில்லை.

ஊரில் திருவிழாவுக்கு மட்டும் குடித்தவன் பரந்தாமன். முதல் வெள்ளிக்கிழமை பங்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். சம்பந்தம் மேலே இருந்து குனிந்து கிளாஸை நீட்டினான்.

"கண்ண மூடிக்கினு ஊத்திக்க மாப்ளே. அப்பால மூக்கு செத்துடும். ஒண்ணும் தெரியாது."

அது மச்சானின் பாசம்தான். அதில் பொய் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு என்று தொடங்கியது மெல்ல எல்லா நாளைக்குமாக ஆயிற்று. மதுவிலக்கு இருந்த காலத்தில் சாராயம் மலையிலிருந்து லாரி டியூபில் அடைத்து வந்தது. பிறகு அரசாங்கமே அனுமதி கொடுத்து, பாலாற்றுக்குப் போகிற வழியில் சாராயக்கடை திறந்ததும் ஒளிய வேண்டிய அவசியமும் இல்லை. பரந்தாமன் குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை. வாசலில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிச் சிரித்து அப்படியே தூங்கிப்போவான். குடித்து அடிக்கிறவன் பெண்டாட்டிக்காகத் தெருவே பரிந்து பேசும். குடித்துச் சிரிக்கிறவன் பெண்டாட்டி சண்டை போட்டால் அவளைத்தான் பிடாரி என்பார்கள். தேவகி அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டாள். ஒரே மகள் மனோரமாவைக் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுக்கும்போது அவள் பார்த்தது ஒன்றுதான். மாப்பிள்ளை குடிக்கக் கூடாது.

வயிறு வீங்கியதும் முதலில் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து கொடுத்தாள். ஒரு மாசம் கொடுத்தும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிற வஹீதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"தேவகி, எங்க பெரிய மாமுக்கும் இப்படித்தான் வந்துச்சு. பச்சிலைய குடுத்துக்கினே இருந்தோம். அப்பறம் கையில ஒண்ணுமில்ல. நீ வேலூருக்கு இட்டுக்கினு போ."

"இவரு வரமாட்டேன்றாரு அக்கா. வேல போய்டுமாம்."

"வேலய குடுத்தவன் உன் அண்ணன்தானே? அவன இழுத்துக்கினு வரச் சொல்லு."

சம்பந்தம் இழுத்துக்கொண்டு வரவில்லை. கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போனான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, வேலூர் வரைக்கும் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் பரந்தாமன் மாதிரியே வயிறு பெருத்த ஆண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆட்கள். நகத்தில் ஏறிய கறையைப் பார்த்தே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள்.

"எந்த செக்சன்?" என்று பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான்.

"சுண்ணாம்பு."

"நானும் அதான். கொழியும் எறங்குவியா?"

"எறங்குவேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

மலையாள வாடை அடிக்கிற தமிழ் பேசிய டாக்டரம்மா வயிற்றை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஊசி குத்திக் குழாய் வைத்தார்கள். மங்கலான மஞ்சள் தண்ணீர் பாட்டிலில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பாட்டில் நிறைந்து இன்னொன்று மாற்றினார்கள். தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தம் கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எத்தன வருஷமா குடிக்கிறார்?"

"கொஞ்சந்தாம்மா குடிப்பேன்" என்றான் பரந்தாமன்.

"நான் உங்களக் கேட்கல. இவங்களக் கேட்கறேன்."

"ஆம்பூருக்கு வந்ததிலேர்ந்து டாக்டர்" என்றாள் தேவகி.

டாக்டரம்மா தேவகியையும் சம்பந்தத்தையும் வராந்தாவுக்கு அழைத்தார். "கல்லீரல் கெட்டுப்போச்சு. தோல் காஞ்சா விறைச்சுப் போகும் இல்லையா, அதுமாதிரி விறைச்சிருக்கு. அதான் வயித்துல தண்ணி சேருது."

சம்பந்தம் கொஞ்ச நேரம் யோசித்தான். "காஞ்ச தோல ஊறப் போட்டா மறுபடி மெத்துனு ஆய்டும் டாக்டர். அது மாரி எதுனா மருந்து…"

"இது ஆகாது" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. "விறைச்சது விறைச்சதுதான். மீதி கொஞ்சம் நல்லா இருக்கு. அத வெச்சு ஓட்டலாம். இனிமே ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. சாப்பாட்டுல உப்பும் கூடாது. உப்பு சேர்ந்தா மறுபடி தண்ணி ஏறும்."

வீட்டுக்கு வந்த முதல் நாட்கள் பயங்கரமாக இருந்தன. சாராயம் நின்றதும் பரந்தாமனின் உடம்பு முழுக்க உதறியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் வழித்து வழித்துப் போட்டான். வேர்த்துக் கொட்டியது. "ஒரு வாய் குட்றி தேவகி, உன் காலப் புடிக்கிறேன்" என்று அழுதான். வஹீதாவும் அவள் வீட்டுக்காரரும் வந்து துணைக்கு உட்கார்ந்தார்கள். மண்டியிலிருந்து டேனரிகளுக்குத் தோல் ஏற்றுகிற மாட்டு வண்டி வைத்திருந்தார் அவர். தெருவில் எல்லோருக்கும் பாய். பரந்தாமனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பொறு தோஸ்த், பொறு. போய்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உதறல் போயிற்று. உப்புதான் பெரிய சண்டையாக வந்தது.

"இன்னாமே இது? மண்ணத் தின்ற மாரி கீது" என்று தட்டைத் தள்ளினான்.

தேவகி தன் தட்டை அவன் முன்னால் நகர்த்தினாள். "இதத் துன்னு பாரு."

அவன் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டான். அவள் களியிலும் உப்பு இல்லை. குழம்பிலும் இல்லை.

"நீ எதுக்குடி இப்படித் துன்ற?"

"வேற யாரு துன்னுவா உங்கூட?"

அதற்குப் பிறகு அவன் உப்பைப் பற்றிப் பேசவில்லை. பச்சைமிளகாயும் எலுமிச்சம்பழமும் கூட்டிப் பிசைந்து சாப்பிடப் பழகினான். ஐப்பசி மழை தொடங்கியபோது வயிறு பாதிக்கு மேல் வற்றியிருந்தது. சம்பந்தம் அவனைக் குழிப் பக்கமே விடாமல், ஆட்டுத் தோல்களை வெயிலில் விரித்துக் காயவைக்கிற களத்துக்கு மாற்றினான். தினமும் வேலை முடிந்ததும் தங்கை வீட்டு வாசல் வரைக்கும் வருவான். உள்ளே வரமாட்டான். தன் மேல் சாராய வாடை அடிக்கும் என்று அவனுக்கே தெரியும்.

"துன்னானா?"

"துன்னாரு. நீ துன்னியாண்ணா?"

"எனக்கு இன்னா" என்று சொல்லிவிட்டுப் பாலாற்றுப் பக்கம் நடந்துவிடுவான்.

கார்த்திகையில் அடைமழை. கழிவுக் குழி பொங்கி, சேறு டேனரி வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து சத்தம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுதுக்குள் அள்ளியாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஊரில் கடலை பிடுங்குகிற நேரம். பாதி ஆட்கள் இல்லை.

தேவகி குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது வீடு காலியாக இருந்தது. வஹீதா பீடி முறத்தை மடியில் வைத்தபடி சொன்னாள்.

"உன் அண்ணன் வந்தாரு. கயிறு புடிக்க ஆள் கம்மியாம். சும்மா மேல நின்னா போதும்னு சொல்லி இட்டுக்கினு போனாரு. நான் சொன்னேன், தேவகி வரட்டும்னு. கேக்கல."

தேவகி குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு நடந்தாள். நடை ஓட்டமாயிற்று.

குழியோரத்துச் சாய்ப்பின் கீழே ஆட்கள் குந்தியிருந்தார்கள். நடுவில் கேன். ஓரத்தில் பரந்தாமன். லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தான். கயிறு பிடிக்கிறவன் அப்படிக் கட்ட வேண்டியதில்லை. இரண்டு கைக்கும் நடுவில் கிளாஸ் நிறைந்து இருந்தது. இன்னும் குடிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவகி வந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அவள் கிளாஸைப் பிடுங்கி வீசினாள். கேனைக் காலால் உதைத்தாள். சாராயம் மழைத் தண்ணீரோடு கலந்து ஓடியது.

"அய்யோ, இன்னா பொம்பள இது!" என்று ஒருவன் எழுந்தான். "உன் புருசன் குடிக்க வேணா சரி. எங்க பங்க எதுக்குக் கொட்டின? நாங்க எப்பிடி எறங்கறது?"

"இது இல்லாம எறங்குங்க. கையி காலு கீதில்ல?"

"எறங்கிப் பாத்துட்டுப் பேசு. சொல்றது சுலுவு."

"தேவகி, வூட்டுக்குப் போ" என்றான் சம்பந்தம். அவன் முகம் கறுத்திருந்தது. "ரெண்டு ஆளு கொறயுது. எனக்கு வேற வழி தெரியல. போ."

"போறேன். அந்தக் கயித்தக் குடு."

"இன்னாது?"

"நீங்க ஒருத்தரும் எறங்க வேணா. நான் எறங்கறேன். இது இல்லாம முடியுமா முடியாதான்னு பாத்துடறேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, கயிற்றை இடுப்பில் தானே கட்டிக்கொண்டாள். சம்பந்தம் தடுக்க வருவதற்குள் ஏணியில் கால் வைத்துவிட்டாள். அவன் கயிற்றின் மறுமுனையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

சேறு முழங்காலைத் தாண்டி ஏறியது. வெளியில் மழைக்குளிர்; உள்ளே அது வெதுவெதுப்பாக இருந்தது. மயிர்க் கற்றைகள் காலில் சுற்றிக்கொண்டன. முதல் வாளியை அள்ளி மேலே அனுப்பினாள். இரண்டாவதற்குக் குனிந்தபோது நாற்றம் மூக்கு வழியாக இல்லை, கண் வழியாகவே உள்ளே நுழைந்தது. கண் எரிந்து நீர் வழிந்தது. மூச்சை அடக்கினாள். அடக்கிய மூச்சு தீர்ந்து வாயைத் திறந்ததும் நாக்கிலேயே அதன் ருசி தெரிந்தது. காலையில் குடித்த கஞ்சி அப்படியே வந்தது. அதற்குப் பிறகும் வயிறு முறுக்கி முறுக்கி ஒன்றுமில்லாததை வெளியே தள்ளியது. தலை சுற்றியது.

"இழு! இழுங்கடா!" என்று மேலே சம்பந்தம் கத்தினான். பரந்தாமன் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான்.

குழியோரத்தில் படுக்கப் போட்டார்கள். வாயெல்லாம் அந்த ருசி. அவள் துப்பித் துப்பிப் பார்த்தாள், போகவில்லை. சாய்ந்து கிடந்த கேனில் மீதியிருந்ததைச் சம்பந்தம் கிளாஸில் பிடித்து நீட்டினான்.

"கொப்புளிச்சுத் துப்பு. குடிக்காத. கொப்புளிச்சுத் துப்பிடு."

அவள் வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டாள். காரமாக எரிந்து, நாக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் மூக்கிலிருந்தும் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போயிற்று. ஒரு நிமிஷம் உலகத்தில் எந்த நாற்றமும் இல்லை. துப்பினாள். துப்பிய பிறகு, முழுக்கவும் துப்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கியது. தலைச் சுற்றல் நின்றது.

நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எழுந்து சத்தம் போட்டவன் தலையைக் குனிந்துகொண்டு குழாயடியிலிருந்து ஒரு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து அவள் கால் பக்கம் வைத்தான்.

தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு வருகிற வழியில் இருவரும் நனைந்துகொண்டே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பரந்தாமன் சொன்னான்.

"நீ வர்லன்னா குடிச்சிருப்பேன்."

"தெரியும்."

"கயிறு புடிக்கத்தான் போனேன். சத்தியமா. அப்பால ஆள் கம்மின்னு நானே எறங்கறேன்னு சொன்னேன். கிளாஸக் கையில குட்த்தாங்க… கையில வாங்கினதும் வேற ஒண்ணுமே தெரியல தேவகி."

அவள் நடந்துகொண்டே வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு நல்லா இருந்துச்சுயா" என்றாள் கடைசியில். "இன்னொரு வாய் கேக்கலாமான்னு தோணுச்சு. இத்தினி வருசமா உனக்குக் கொழுப்புன்னு நெனச்சேன். திமிருன்னு நெனச்சேன்."

அவன் நடுவழியில் நின்று அழுதான். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போதும் உதறலின்போதும் அழுததுபோல இல்லை இது. அவள் அவனை அழவிட்டு, பக்கத்தில் மழையில் நின்றாள்.

மறுநாள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். பரந்தாமன் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டான். காய வைக்கிற களத்து வேலைக்குத் தானே வருவாள். சம்பந்தம் சரி என்றான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தின நாள் கயிறு பிடித்த அவன் கைகளில் தோல் உரிந்து போயிருந்தது.

அதன் பிறகு வந்த மார்கழியும் தையும் அவர்களுக்கு நல்ல மாதங்கள். தேவகி களத்தில் தோல் விரித்தாள். பரந்தாமன் வீட்டில் இருந்தபடி உப்பில்லாக் களி கிண்டினான்; மிச்ச நேரத்தில் வஹீதாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்தான். "உன் வெட்டு எங்க வூட்டுக்காரர் வெட்ட விட சுத்தம்" என்று அவள் சொல்வாள். அவன் வெட்கப்பட்டுச் சிரிப்பான். பொங்கலுக்கு மனோரமா வந்தபோது அப்பாவைப் பார்த்து, "மொகம் தெளிஞ்சுடுச்சுப்பா" என்றாள்.

மீதி இருந்த கல்லீரல் போதவில்லை. மாசியில் ஒரு நாள் காலையில் இலை வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தரியைக் கீழே வைத்தான். ஒரு மாதிரி வருகிறது என்றான். வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. பிறகு குபுகுபுவென்று முறம் நிறைய, தரை நிறைய. தேவகியைக் கூப்பிட ஆள் ஓடியது. பாய் வண்டியைக் கட்டினார். பஸ் நிறுத்தம் வருவதற்கு முன்பே, வண்டியில், தேவகி மடியில் தலைவைத்தபடி போய்விட்டான்.

சம்பந்தம்தான் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தான். ஊருக்கும் குடியாத்தத்துக்கும் ஆள் அனுப்பினான். மூங்கில், பூ, பறைக்காரர்கள் என்று அலைந்தான். ஊரிலிருந்து பங்காளிகள் வந்து சேர்ந்தார்கள். மத்தியானம் கடந்து எடுக்கிற நேரம் வந்தது. வேப்பமரத்து நிழலில் டேனரிக் குழி ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு கேன் இருந்தது.

மனோரமாவின் பிடியிலிருந்து எழுந்து தேவகி வெளியே வந்தாள்.

"அத எடுத்துட்டுப் போங்க."

"தங்கச்சி, தூக்கறவங்களுக்கு ஊத்தறது வழக்கம்" என்றார் ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். "மோளம் அடிக்கிறவன், பள்ளம் தோண்டறவன் எல்லாருக்கும். இல்லன்னா யாரு வருவா?"

"உசுரு போறவரைக்கும் அது இல்லாம இருந்தாரு. எம்மாம் கஷ்டப்பட்டு இருந்தாருன்னு எனக்குத்தான் தெரியும். இன்னிக்கு ஒரு பொழுது நீங்க இருங்க."

"பொணம் வெயில்ல கெடக்கும்மா."

"கெடக்கட்டும்."

யாரும் அசையவில்லை. பறையடிக்கிறவர்கள் தோலைச் சூடுகாட்டுகிற நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் ஈக்கள் மொய்த்தன. பெண்களின் ஒப்பாரி கூட ஓய்ந்துவிட்டது. பிற்பகல் அசர் தொழுகை முடித்துத் தொப்பியோடு வந்த பாய், ஒன்றும் கேட்காமல் பாடையின் பின்பக்கத்து மூங்கிலருகே போய் நின்றார். ஒரு ஆளால் தூக்க முடியாது.

சம்பந்தம் தங்கையின் பக்கத்தில் வந்தான். விடியற்காலை முதல் அலைந்ததில் அவன் அன்றைக்கு ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் உதறின. அதை மறைக்க அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"தேவகி" என்று மெதுவாகச் சொல்லிக் கைகளை வெளியே எடுத்து நீட்டினான். "நான் தூக்கறேன். நான் தூக்காம யாரு தூக்குவா. ஆனா கையி நிக்கல பாரு. கீழப் போட்டுடுவேன்மா. எனக்கு மட்டும் ஒரு கிளாஸ். அவன ஒழுங்கா கொண்டுபோய்ச் சேக்கறதுக்கு."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். தன் புருஷனுக்கு முதல் கிளாஸை நீட்டிய கை. பஸ்ஸில் அவன் தலையைத் தோளில் தாங்கிக்கொண்ட கை. தன்னைக் குழியிலிருந்து இழுத்த கை.

"போட்டுட்டா போட்டுடுண்ணா" என்றாள். "மறுபடி தூக்கு."

சம்பந்தம் பாடையருகே போனான். பிறகு துண்டை உருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பாடையின் முன்பக்கம் குனிந்தான். அவனும் பாயும் பங்காளி ஒருவனும் தூக்கினார்கள். பாடை ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. பெண்கள் கத்திவிட்டார்கள். கார்த்திகை மழையில் வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவன் மரத்தடியிலிருந்து ஓடிவந்து சாய்ந்த மூலைக்குத் தோள் கொடுத்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் கை நிற்கவில்லை. பறையடிக்கிறவர்களில் வயசானவர் குச்சியை எடுத்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தொடங்கினார்கள்.

பெண்கள் போகிற எல்லை தெருமுனை வரைக்கும்தான். தேவகி அங்கே நின்றாள். பாலாற்றுச் சரிவில் பாடை ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் நின்று, தோள் மாற்றாமல், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நகர்ந்தார்கள். சாராயக்கடை வாசலில் சில பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். சம்பந்தம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அவன் முதுகு மட்டும் உதறிக்கொண்டே இருந்தது. மணலில் கால் புதையப் புதைய, அவர்கள் பரந்தாமனைக் கீழே போடாமல் கொண்டுபோனார்கள்.